பக்கைப் பார்க்காதே, 33-ஐப் பார்

2016 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்குக்கு வெளியே நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து என் மகன் அழுதான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது. அடிபட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "கோச் என்னை டிஃபன்ஸுக்கு மாத்திட்டார்மா. இனிமே என்னால கோல் போட முடியாது."

டிஃபன்ஸ் என்றால் பின்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் வரிசை. இவன் மூன்று வருடமாக முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவன். அந்தக் கோடையில் மட்டும் நான்கு அங்குலம் வளர்ந்திருந்தான். கை எங்கே முடிகிறது, கால் எங்கே முடிகிறது என்று அவன் உடம்புக்கே பிடிபடாத நேரம். நேராக ஓடுவான், திரும்பும்போது விழுவான். போதாததற்கு இன்னொரு பையனின் அப்பா, நல்ல மனதோடுதான், "இவ்வளவு உயரமா இருக்கானே, கூடைப்பந்துல சேர்த்துவிடலாமே" என்று சொல்லியிருந்தார். அதுவும் அவன் காதில் விழுந்திருந்தது.

நாங்கள் 2007-லிருந்து பாஸ்டனுக்கு மேற்கே நேட்டிக்கில் இருக்கிறோம். விடிவதற்கு முன் எழுந்து அவனை ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அதைத் தாண்டி ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் பாஸ்டனில் இருப்பவர்களுக்கு ஒரு டிஃபன்ஸ்மேனைத் தெரியாமல் இருக்க முடியாது. அன்று ராத்திரி டிவியில் பாஸ்டன் அணியான ப்ரூயின்ஸின் ஆட்டம். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "இன்னிக்கு பக்கைப் பார்க்காதே. 33-ஐ மட்டும் பார்." பக் என்பது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு. 33 அந்த டிஃபன்ஸ்மேனின் சட்டை எண்.

ஸ்டெனோ ஹாரா. இங்கே எல்லாரும் 'சாரா' என்பார்கள், செல்லமாக 'பிக் ஸீ'. ஸ்லோவாக் மொழியில் அந்தப் பெயரின் முதல் ஒலி தொண்டையிலிருந்து வரும் ஹகரம். அவர் ஊர்க்காரர்கள் சொல்வதுபோல ஹாரா என்றே எழுதுகிறேன். உயரம் 6 அடி 9 அங்குலம். வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றிலேயே மிக உயரமான ஆட்டக்காரர். அப்போது அவருக்கு வயது 39. பத்து வருடமாக ப்ரூயின்ஸின் கேப்டன்.

டிவியில் அவரை மட்டும் பார்ப்பது சிரமம். கேமரா பக்கின் பின்னாலேயே ஓடும், பாதி நேரம் அவர் திரையில் இருக்க மாட்டார். அதனால் டிசம்பரில் ப்ரூயின்ஸின் அரங்கமான டி.டி. கார்டனில் மேல்மாடியில் இரண்டு டிக்கெட் வாங்கினேன். பிள்ளையை டிஃபன்ஸ் ஆட வைத்திருக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கண்ணாடிக்குப் பக்கத்துச் சீட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். மேலே போய் உட்காருங்கள். 200 அடி நீளம், 85 அடி அகலம், அந்த மொத்த ஐஸும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அப்போதுதான் தடுப்பாட்டம் என்றால் என்ன என்றே புரியும்.

எங்களுக்கு அன்று புரிந்தது இது. ஹாரா துரத்தவே இல்லை. எதிரணிக்காரன் பக்கோடு வேகமாக வருகிறான். இவர் முதுகு கோல் பக்கம் இருக்க, பின்னோக்கியே சறுக்கிக்கொண்டு போகிறார். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டிக் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இடைவெளி. அந்த இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவழியை இவர் தன் உடம்பால் மூடிக்கொள்கிறார், ஓரத்தைத் திறந்து வைக்கிறார். வந்தவன் வேறு வழியில்லாமல் ஓரத்துக்குப் போகிறான், பலகைச் சுவரில் முட்டுகிறான். பக் இவரிடம். மோதலே இல்லாமல் முடிந்துவிட்டது. "அவர் ஒண்ணுமே பண்ணலையேம்மா" என்றான் மகன். இரண்டாம் பீரியடில் அதே பையன், "அம்மா, அவன் எங்க போகணும்னு இவர்தான் முடிவு பண்றார்" என்றான். டிக்கெட் காசு அந்த ஒரு வாக்கியத்துக்கே சரியாகிவிட்டது.

எல்லாரும் அவர் உயரத்தைப் பேசுவார்கள். உயரம் கை எட்டும் தூரத்தைக் கொடுக்கிறது, உண்மைதான். லீக்கில் ஸ்டிக்குக்கு 63 அங்குலம் வரம்பு, அவருக்குத் தனி அனுமதியோடு 65 அங்குலம். ஸ்லோவாக்கியாவில் அவர் வளர்ந்த ரிங்குகள் 30 மீட்டர் அகலம், இங்கே 26 மீட்டர்தான். குறுகிய ஐஸில் அந்தக் கையும் ஸ்டிக்கும் சேர்ந்து இன்னும் அதிக இடத்தை மூடும். ஆனால் அதே உயரம் சறுக்குவதற்கு எதிரி. எடை மேலே இருக்கும், திரும்ப நேரம் எடுக்கும், சின்ன ஆட்டக்காரன் ஒரு உலுக்கு உலுக்கினால் ஆள் சாய்ந்துவிடுவார். அதை அவர் எப்படிச் சரிசெய்துகொண்டார் என்பதுதான் நான் மகனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதை.

1977 மார்ச் 18 அன்று ட்ரென்சீன் என்ற ஊரில் பிறந்தவர். வாக் ஆற்றங்கரை, ஊருக்கு மேலே பாறையில் ஒரு கோட்டை, ஐம்பதாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். அந்தச் சின்ன ஊரின் டுக்லா கிளப்பிலிருந்துதான் என்.எச்.எல். நட்சத்திரங்களான மரியான் ஹோஸாவும் மரியான் காபோரிக்கும் வந்தார்கள். ஹாராவின் அப்பா மல்யுத்த வீரர், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக கிரேக்க-ரோமன் பிரிவில் இறங்கியவர். அவர் மகனுக்குக் கொடுத்தது பயிற்சிப் பழக்கம். ஊர்க் கோச்சுகள் சொன்னது வேறு: "நீ ரொம்ப உயரம், கூடைப்பந்து ஆடப் போ." நம் ஊரிலும் இங்கேயும் சொல்கிற அதே வார்த்தை! இதைச் சொன்னபோது மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிறகு ப்ராக் போய் ஸ்பார்ட்டாவின் ஜூனியர் அணியில் ஆடினார். என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1996 டிராஃப்டில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி இவரை மூன்றாம் சுற்றில் 56-ஆவது ஆளாக எடுத்தது. பத்தொன்பது வயதில் கனடாவின் மேற்கே ப்ரின்ஸ் ஜார்ஜ் என்ற குளிர்நகரத்துக்குப் போய் ஒரு சீசன் ஜூனியர் ஹாக்கி. அப்புறம் ஐலண்டர்ஸ். நான்கு சீசன், 231 ஆட்டம், மொத்தமே 6 கோல்.

"ஆறா?" என்றான் மகன். "நான் போன வருஷமே பதினொண்ணு போட்டேனே."

கடைசி சீசனில் அவர் கணக்கு மைனஸ் 27. அதாவது ஆள் கூடுதலாக இருக்கும் அணி போடும் கோல்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் ஐஸில் நிற்கையில் எதிரணி போட்ட கோல்கள் தன் அணி போட்டதைவிட 27 அதிகம். 2001 ஜூனில் ஒட்டாவா அணியின் நட்சத்திரம் அலெக்ஸி யாஷினை வாங்குவதற்காக ஐலண்டர்ஸ் அவரை ஒட்டாவாவுக்குக் கொடுத்துவிட்டது. கூடவே இன்னொரு ஆட்டக்காரரும், அந்த வருட டிராஃப்டில் இரண்டாம் இடத் தேர்வும் போயின. பேச்செல்லாம் யாஷினைப் பற்றித்தான். ஒட்டாவாவில் முதல் சீசனிலேயே 10 கோல் போட்டார். 2004-இல் சிறந்த டிஃபன்ஸ்மேனுக்கான நாரிஸ் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தார். 2006-இல் ஹாராவா, அதே அணியின் இன்னொரு டிஃபன்ஸ்மேன் வேட் ரெட்டனா என்று வந்தபோது ஒட்டாவா ரெட்டனை வைத்துக்கொண்டது. ஐந்து வருடத்துக்கு 37.5 மில்லியன் டாலருக்கு பாஸ்டன் இவரை எடுத்தது. வந்த முதல் வருடம் அணி, கோப்பைக்கான கடைசிக்கட்டச் சுற்றுகளான ப்ளேஆஃபுக்கே போகவில்லை, இவர் கணக்கு மைனஸ் 21. 2009-இல்தான், 32 வயதில், 19 கோலோடு நாரிஸ் விருது.

இந்த எண்களைப் பெற்றோர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பதினொரு வயதில், பதிமூன்று வயதில் ஒரு டிஃபன்ஸ்மேனை எடைபோடவே முடியாது. சின்ன வயதில் கோல் போடுகிற பையன் உடனே கண்ணில் படுவான். தடுக்கிற பையன் செய்வது கண்ணுக்குத் தெரியாது, செய்யத் தவறுவது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்த அவமானத்தை மாதக்கணக்கில் தாங்க வீட்டில் ஒருவராவது பக்கம் நிற்க வேண்டும். நானும் முதலில் தப்புத்தான் செய்தேன். காரில் ஏறியதும் "அந்த மூணாவது கோல் எப்படிப் போச்சு?" என்று கேட்பேன். ஒரு நாள் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து நிறுத்தினேன். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம், "இன்னிக்கு எத்தனை பேரை ஓரத்துக்குத் தள்ளின?" அதை அவனே எண்ண ஆரம்பித்தான். வீட்டுக்கு வரும்போது எண்ணோடு வருவான்.

சாமான் விஷயத்தில் நான் காசு கொடுத்துக் கற்ற ஒன்று: வளருகிற பையன் என்று பெரிய ஸ்கேட் வாங்கக் கூடாது. ஹாக்கி ஸ்கேட் சாதாரண ஷூ சைஸைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். விரல் நுனி லேசாக முன்பக்கம் தொட வேண்டும், குதிகால் அசையவே கூடாது. நான் "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று வாங்கியதில் அவன் கணுக்கால் உள்ளே ஆடி, பின்னோக்கிச் சறுக்கும்போது தடுமாறினான். அதை உயரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு ஒரு சீசனே போனது. பழைய ஸ்கேட்டாக இருந்தாலும் சரியான அளவு வாங்குங்கள், இரண்டு வருடத்துக்கு மூன்று ஜோடி ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் முட்டி. உயரமான பிள்ளைகள் நிமிர்ந்தே சறுக்குவார்கள். அவனுடைய அடுத்த கோச் ஒரு சீசன் முழுவதும் சொன்னது இரண்டே வாக்கியம்: முட்டியை மடக்கு, சின்ன அடியா வை. நீளமான கால் நீளமான அடியைத்தான் கேட்கும். அதை மறுத்துச் சின்னச் சின்ன அடியாக வைத்தால்தான் சட்டென்று திரும்ப முடியும். வீட்டுக் கூடத்தில் ஸ்கேட் இல்லாமலே, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி மாதிரி உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்வான். ஆறு மாதத்தில் விழுவது நின்றது.

அமெரிக்காவில் 14 வயதுப் பிரிவிலிருந்துதான் உடம்பால் மோதித் தடுக்க அனுமதி. 12 வயதுப் பிரிவிலும் இருந்ததை 2011-இல் எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு அது. மோதல் வருவதற்கு முன்பே கோணமும் இடைவெளியும் கற்றவன் மோதலை அளவாகப் பயன்படுத்துவான். என் மகன் அந்த வயதுக்கு வந்தபோது, 2017 இலையுதிர்காலத்தில், ப்ரூயின்ஸில் ஹாராவோடு ஜோடியாகச் சார்லி மெக்கவாய் ஆட ஆரம்பித்திருந்தார். ஹாரா என்.எச்.எல்.-இல் முதல் ஆட்டம் ஆடிய 1997-இல் பிறந்தவர் மெக்கவாய். தடுப்பாட்டம் ஜோடியாகத்தான் நடக்கும், ஒருவர் முன்னே போனால் மற்றவர் பின்னால் நிற்க வேண்டும். இருபது வயது மூத்தவர் பின்னால் நின்று இளையவரை முன்னே போகவிட்டதை நாங்கள் வாராவாரம் பார்த்தோம்.

இன்னொன்று. ஹாராவின் அணியில் 'ரூக்கி' என்ற சொல்லே கூடாது. புதிதாக வந்தவர்களைக் கிண்டல் செய்வது, எடுபிடி வேலை வாங்குவது எதுவும் கிடையாது. பதினெட்டு வயதுக்காரரும் நாற்பது வயதுக்காரரும் ஒரே மரியாதை என்பது அவர் கேப்டனாக வைத்த வழக்கம். பிள்ளையை ஒரு அணியில் சேர்க்கும் முன் நான் இப்போது முதலில் பார்ப்பது இதைத்தான். புதுப் பையன் உடை மாற்றும் அறையில் எங்கே உட்காருகிறான், அவன் பையை யார் நகர்த்தச் சொல்கிறார்கள் என்று பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். கோப்பைகள் எத்தனை என்று அதற்கு அப்புறம் கேட்கலாம்.

2019 ஜூன். என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையின் இறுதிச் சுற்று, ஏழு ஆட்டம் வரை போகக்கூடியது, செயின்ட் லூயிஸ் அணியோடு. நான்காவது ஆட்டத்தில் எதிரணியின் ஷாட் ஹாராவின் சொந்த ஸ்டிக்கில் பட்டு எகிறி முகத்தில் அடித்தது. தாடை உடைந்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 6 அன்று, பாஸ்டனில் ஐந்தாவது ஆட்டம். முகம் முழுவதும் மறைக்கும் கவசத்தோடு 42 வயதில் ஐஸில் வந்து நின்றார். பெயரை அறிவித்ததும் கார்டன் மொத்தமும் எழுந்து கத்தியது. வீட்டில் நாங்கள் மூவரும் எழுந்து நின்றோம். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் தோற்றோம், ஏழாவது ஆட்டத்தில் கோப்பையும் போனது. ஆனால் மகன் மனதில் தங்கியது அந்தக் கவசம்தான்.

எப்படித் தங்கியது என்பது நவம்பரில் தெரிந்தது. ஒரு ஆட்டத்தில் பலகைச் சுவரோரம் அவன் தலை மோதியது. எழுந்து வந்து அடுத்த முறையும் ஆடினான். "நல்லா இருக்கேன்" என்றான். இரண்டு நாள் கழித்துச் சமையலறை விளக்கை அணைக்கச் சொன்னான். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டான். ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வழக்கத்தைவிட நேரம் எடுத்தான். எனக்கு அடிவயிறு கலங்கியது. மருத்துவர் மூளை அதிர்ச்சி என்று உறுதிசெய்தார். ஏன்டா மறைத்தாய் என்று கேட்டேன். "ஹாரா தாடை உடைஞ்சே ஆடினாரேம்மா."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. மூன்று வருடமாக அந்த மனிதரைப் பார், அவரைப் பார் என்று சொன்னவள் நான்தான். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

காலையில் அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, தாடை எலும்பு. மருத்துவர்கள் தகடு வைத்துச் சேர்த்தார்கள், கவசம் மாட்டினார்கள், நாற்பத்திரண்டு வயது ஆள் அவர்களோடு பேசித் தானே முடிவெடுத்தார். மூளைக்குத் தகடு வைக்க முடியாது, உனக்குப் பதினைந்து வயதுகூட ஆகவில்லை. இரண்டாவது, 2011. அந்த வருடம் முதல் சுற்றில் மாண்ட்ரியலோடு முதல் ஆட்டம் தோற்றாகிவிட்டது. இரண்டாம் ஆட்டத்துக்கு முன் ஹாராவுக்கு உடம்பில் நீர்ச்சத்து வற்றிப்போய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கேப்டன் ஆடவில்லை. சொந்த ஊரில் அதையும் தோற்றார்கள். மூன்றாம் ஆட்டத்துக்கு அவர் திரும்பி வந்தார். அந்தச் சுற்றை ஏழாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். பிறகு ஜூன் 15 அன்று வான்கூவரில் 4-0 என்று ஜெயித்து, 1972-க்குப் பிறகு பாஸ்டனுக்கு முதல் ஸ்டான்லி கோப்பை. ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ராமுக்கு அடுத்து, கேப்டனாக அதை வாங்கிய இரண்டாவது ஐரோப்பியர் அவர். அந்தக் கோடையில் அது ட்ரென்சீன் வரை போனது.

"ஒரு ஆட்டம் உட்கார்ந்தார்டா. அப்புறம்தான் கோப்பை" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஐந்து வாரம் வெளியே இருந்தான். முதலில் இருட்டறையில் ஓய்வு, பிறகு நடை, பிறகு சைக்கிள், பிறகு தனியாக ஐஸில், கடைசியாகத்தான் மோதல் உள்ள பயிற்சி. எந்தப் படியில் தலைவலி வந்தாலும் முந்தைய படிக்குத் திரும்புவது. ஒளி, சத்தம் தாங்காமல் போவது, மெதுவான பதில், காரணமில்லாத எரிச்சல் - இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்துங்கள். "அவனே நல்லா இருக்கேன்னு சொல்றானே" என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லாமல் ஐஸில் இறக்காதீர்கள்.

வெளியே இருந்த வாரங்களில் பழைய ஆட்டங்களை வெளிச்சம் குறைத்த திரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தான். அப்படி வந்ததுதான் 2012 உலகச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ஹெல்சின்கியில் ரஷ்யாவிடம் ஸ்லோவாக்கியா 6-2 என்று தோற்றது. அந்த இரண்டு கோலும் ஹாரா போட்டவை. பதக்கம் வாங்கும்போது அவர் அணிந்திருந்தது சக ஸ்லோவாக் ஆட்டக்காரர் பாவோல் டெமித்ராவின் 38-ஆம் எண் சட்டை. முந்தைய செப்டம்பரில் ரஷ்யாவின் லோகோமோட்டிவ் யாரோஸ்லாவ்ல் ஹாக்கி அணியின் விமானம் விழுந்தபோது இறந்தவர் டெமித்ரா. ட்ரென்சீன் ரிங்குக்கு இன்று அவர் பெயர்தான். ஸ்லோவாக்கியா உலகத் தங்கம் ஜெயித்த 2002-இல் ஹாரா அந்த அணியில் இல்லை. நாட்டுக்காக அவர் கையில் வந்தது வெள்ளிதான், 2000-இல் ஒன்று, இது ஒன்று. வெள்ளிப் பதக்கத்தோடு நின்ற அந்தப் படத்தைத்தான் மகன் தன் அறையில் ஒட்டினான். கோப்பையைத் தூக்கும் படத்தை அல்ல. ஏன் என்று நான் கேட்கவில்லை.

2020 டிசம்பரில் ஹாரா வாஷிங்டன் அணிக்குப் போனார். பதினான்கு சீசன் கேப்டனாக இருந்தவர் வேறு சட்டையில் வந்தது பாஸ்டனுக்கு வலித்தது. அடுத்த வருடம், ஆரம்பித்த இடமான ஐலண்டர்ஸுக்கே திரும்பினார். 2022 பிப்ரவரி 24 அன்று 1,652-ஆவது ஆட்டம். டிஃபன்ஸ்மேன்களில் அதிக ஆட்டம் ஆடியவர் என்று கிறிஸ் செலியோஸின் கணக்கைத் தாண்டினார். 1,680-இல் முடித்து, அந்த செப்டம்பரில் ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு ப்ரூயின்ஸ்காரராகவே ஓய்வு பெற்றார். 2025-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு வந்த ஏப்ரலில், 2023 பாஸ்டன் மராத்தானில் அவர் ஓடுகிறார் என்று தெரிந்தது. பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். தூறலில் குடை பிடித்துக்கொண்டு நேட்டிக் கடைத்தெருவில் நின்றோம். மகனுக்குப் பதினெட்டு வயது, என்னைவிட ஒரு அடி உயரம். கூட்டத்துக்கு மேலே அந்தத் தலை தூரத்திலேயே தெரிந்தது. எல்லாரும் "ஸீ! ஸீ!" என்று கத்தினார்கள், நானும் கத்தினேன். மகன் கத்தவில்லை. குனிந்து, ஓடுபவர்களின் கால்களுக்கு நடுவே எதையோ தேடிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எங்களைத் தாண்டிப் போன பிறகு என் கையைப் பிடித்தான்.

"அம்மா, பாத்தியா? சின்னச் சின்ன அடி."

3 மணி 38 நிமிடம் 23 விநாடியில் ஓடி முடித்தார் என்று சாயந்திரம் தெரிந்தது. மகன் அந்த எண்ணைச் சுவரில் இருந்த படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்தான்.